சுவைத்துப் படித்த பிரெஞ்சு

(பாரிஸ், லாச்சப்பல், ஒரு தேநீர்க்கடை. சென்னையில் ‘உணவு வழியே பிரெஞ்சு’ படித்து வந்தவர் சான்றிதழ். இருபது வருடமாக இங்கே உணவகக் குசினியில் நிற்பவர் கரண்டி.)

கரண்டி: பிரெஞ்சு படிச்சிட்டுத்தான் வந்தனீரோ தம்பி?

சான்றிதழ்: முழு கோர்ஸ்ணே! வெறும் மொழியாப் படிச்சா உள்ளே இறங்காதாம். சாப்பிட்டுக்கிட்டே படிக்கணுமாம்.

கரண்டி: நல்லது. பாண்கடைக்குள்ள போறீர். முதல் என்ன சொல்லுவீர்?

சான்றிதழ்: ‘ஒரு பகெத்’.

கரண்டி: பொன்ஜூர் சொல்லாமல் கேட்டால் உம்மட காசுக்கும் மரியாதை இல்லை. அதைச் சொல்லித் தரேல்லையோ?

சான்றிதழ்: வணக்கம் சொல்ற பாடத்தன்னைக்கு க்ருவாசான்ணே. நல்ல சூடு.

கரண்டி: சரி, தொண்ணூற்றேழு எண்டால் இவையள் நாலு இருபதும் பதினேழும் எண்டுதான் சொல்லுவினம். பிடிபடுமோ?

சான்றிதழ்: எண்கள் பாடத்துக்கு கமாம்பேர் சீஸ். வாசனை தாங்காம பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க.

கரண்டி: இறந்தகாலம்?

சான்றிதழ்: வெங்காய சூப்.

கரண்டி: எதிர்காலம்?

சான்றிதழ்: கிரெம் ப்ருலே. சர்க்கரையைத் தீயில உருக்கினாங்க. எல்லாரும் கைதட்டினோம்.

கரண்டி: இந்தாரும், வீட்டுக்காரன்ர கடிதம். வாசியும் பாப்பம்.

(சான்றிதழ் உதட்டைக் குவித்து, பாதி மூக்கால், முழுப் பக்கத்தையும் வாசிக்கிறார். பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிறது.)

கரண்டி: என்ன வடிவான உச்சரிப்பு! என்னவாம்?

சான்றிதழ்: அர்த்தம் அடுத்த லெவல்லதான்ணே. அதுல வைன் உண்டு.

கரண்டி: வாடகையைக் கூட்டுறான் தம்பி.

சான்றிதழ்: அட, உங்களுக்குப் புரியுதே! எங்கே படிச்சீங்க?

கரண்டி: கோப்பை கழுவின இடத்தில. ‘சூடு வருது, விலகு’ எண்டு பின்னால கத்துவினம். ஒரு செக்கனில விளங்காட்டி முதுகு வெந்துபோம். அப்பிடி வந்த பாஷை வாயில நிக்குது, கையில வரேல்லை. பிரஜாவுரிமைக்கு 2025 வரைக்கும் பிரெஞ்சில பி1 மட்டம் காணுமாயிருந்தது. 2026 ஜனவரியில இருந்து பி2 வேணுமாம், எழுத்துப் பரீட்சையோட. சாமத்தில அடுப்புத் துடைச்சு முடிக்கிறவன் எந்த நேரம் வகுப்புக்குப் போறது?

சான்றிதழ்: டென்ஷன் ஆகாதீங்கண்ணே. பண்பாடு தெரிஞ்சா மொழி தானா வரும்னு வகுப்புல சொன்னாங்க.

கரண்டி: பண்பாடோ? 2010இல யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்தை மனிசகுலத்தின்ர மரபெண்டு பட்டியலில சேர்த்தது. 2022இல பகெத்தையும் சேர்த்தது. அந்த விருந்துக்கு வெங்காயம் உரிக்கிறது ஆர்? யாழ்ப்பாணத்தான், மாலிக்காரன், வங்காளதேசத்தான். எங்கட கையை ஒருத்தரும் பட்டியலில போட மாட்டினம். சமைச்சதை வழிச்சு நக்கிப்போட்டு, ‘உனக்கு எங்கட பண்பாடு தெரியுமோ, எழுதிக் காட்டு’ எண்டு கேப்பினம். வெக்கமில்லையோ? நீர் சூடாத் திண்ட க்ருவாசான் இருக்கே, அதின்ர பூர்வீகம் வியன்னா. அதிட்ட பி2 கேட்டவையோ?

(தேநீர் ஆறிவிட்டது. சான்றிதழ் நிஜமாகவே யோசிக்கிறார்.)

சான்றிதழ்: வியன்னா எங்க சிலபஸ்ல வரலண்ணே. அதை விடுங்க, சனிக்கிழமை ராத்திரி எங்க பேட்சுக்குக் கடைசிப் பாடம், இங்கே பாரிஸ்லயே. அசல் பிரெஞ்சுக் கைப்பக்குவமாம். நீங்களும் வாங்க. தலைக்கு... அதென்ன, நாலு இருபதும் பதினேழும்!

கரண்டி: எந்தக் கடையில?

(சான்றிதழ் கைபேசியில் படத்தைக் காட்டுகிறார்.)

கரண்டி: ஓ... அதுதான் முதலாளி எனக்குச் சனிக்கிழமை லீவு இல்லையெண்டவர். வாரும், வாரும். சூப்பில உப்புக் காணாட்டி நேர குசினிக்கு வந்து தமிழிலயே சொல்லும்.