நான்கெழுத்து வண்டிகள்: பாரிஸ் புறநகர் ரயிலின் பெயரிலக்கணம்

பாரிஸின் ஆர்.இ.ஆர். ரயிலில் ஏ முதல் ஈ வரை ஐந்து தடங்கள். வெளியூர்க்காரர் இதைப் பார்த்ததும், 'பி தடம்தானே, வந்ததில் ஏறிக்கொள்ளலாம்' என்று துணிகிறார். இத்துணிபு பிழை என்பதே இவ்வாய்வின் மேற்கோள்.

ஏது: தடம் ஒன்று, வால் பல. 1977-இல் நகரின் நடுவே இணைக்கப்பட்ட ஏ தடத்துக்கு இன்று மேற்கே மூன்று முனை, கிழக்கே இரண்டு. ஆகவே வண்டியின் நெற்றியில் நான்கெழுத்துப் பெயர் ஒளிர்கிறது. முதலெழுத்து சேருமிடம். மற்றவை எங்கெங்கே நிற்கும் என்பதற்கான குறி. வாயில் நுழையட்டும் என்று நடுவில் உயிரெழுத்து. சேன் ஜெர்மேன் ஆன் லே ஊருக்கு ஜியூஸ் என்றொரு வண்டி ஓடியதுண்டு. கிரேக்கக் கடவுளரின் தலைவர் போவார், வரமாட்டார். திரும்பும்போது சேருமிடம் வேறு, ஆகவே பெயரும் வேறு. மறுபிறப்புக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று ரயில்வேயில் கிடைப்பது அரிது.

எடுத்துக்காட்டு: வெர்சாய் அரண்மனை. சி தடத்து 'விக்' அரண்மனைக்கு அருகே இறக்கிவிடும். அதே தடத்து 'சாரா' வெர்சாய் ஷாந்தியே வழியாக சேன் கான்தேன் போவாள். அங்கே இறங்கினாலும் ஊர் வெர்சாய்தான், நடைதான் கூடுதல்.

பி தடமோ கார் டு நோர் நிலையத்தில் மின்சாரத்தையே மாற்றிக்கொள்கிறது: தெற்கே 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம், வடக்கே 25,000 வோல்ட் மாறுதிசை. (இது ஆய்வுக்குத் தேவையில்லை; விட மனமில்லை.) ஆபத்து அதற்கப்பால், ஓல்நேயில். அங்கே தடம் பிரிகிறது. 'ஈ' என்று தொடங்கும் வண்டி விமான நிலையத்துக்கு, 'ஐ' என்று தொடங்குவது மித்ரிக்கு. மித்ரியில் விமானம் ஏற வழியில்லை.

கார் டு நோருக்குப் பக்கத்திலுள்ள லா சப்பலில் தமிழ்க் கடைகள் வரிசையாக உண்டு. சாமான் வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவோரிடையே இவ்விஷயத்தில் இரு பள்ளிகள் நிலவுவதாகக் கொள்ளலாம். எழுத்துவாதிகள் பலகையைப் படித்து ஏறுவர். பெட்டிவாதிகள், பெரிய பெட்டி வைத்திருப்பவர் எதில் ஏறுகிறாரோ அதில் ஏறுவர். பெட்டிவாதம் எளிது, செலவில்லாதது, பெரும்பாலும் பலிப்பது. அதன் ஒரே குறை, பெட்டிக்காரரும் பெட்டிவாதியாக இருந்து, இவருடைய பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கும் சாத்தியம்.