பம்புசெட் மேல் ஒரு சவாரி

சென்னை ஓரத்து அண்ணனூர் வகையாக மாட்டிக்கொண்ட ஊர். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, மறு பக்கம் டாங்க் செய்யும் ஆவடி, பக்கத்திலேயே மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் பணிமனை. எந்தத் திசையில் கல்லெறிந்தாலும் ஸ்பேனர் பிடித்த கை ஒன்றின் மேல்தான் விழும். ஒரு மெஷினை எதற்காகச் செய்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்துகிறவனை இந்த வட்டாரத்தில் கொஞ்சம் விவரம் போதாதவன் என்றுதான் நினைப்பார்கள்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் பட்டறைக்காரன் கட்சிதான். 1965-ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. வடிவமைப்பு பிரிட்டிஷ்காரனுடையது. பிற்பாடு அதே டாங்கின் அடிச்சட்டத்தை எடுத்து, மேலே சோவியத்தின் 130 மி.மீ. பீரங்கியைத் தூக்கி வைத்து, 'கேடபல்ட்' என்று பெயரிட்டார்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு எதிரிகளையும் ஒரே சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கிய பெருமை நமக்கு.

ஆனால் மகுடம் ஆவடிக்கு இல்லை, திருவொற்றியூருக்கு.

அங்கே புல்லட் செய்த என்ஃபீல்டு கம்பெனியின் பூர்வீகத்தைக் கிளறினால் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ஒரு ஊசிக் கம்பெனி கிடைக்கும். ஊசி விற்றவர்கள் சைக்கிளுக்குத் தாவினார்கள். துப்பாக்கிக்குப் பாகம் செய்து கொடுத்து அதிலிருந்து 'என்ஃபீல்டு' பெயரைப் பிடித்தார்கள். 1901-ல் மோட்டார் சைக்கிள். அத்தோடு சும்மா இருந்தார்களா? புல்வெட்டும் மெஷினும் செய்தார்கள், ஓரிடத்தில் நின்றபடி ஓடும் ஸ்டேஷனரி எஞ்சினும் செய்தார்கள். தைக்க, சுட, ஓட, புல் வெட்ட என்று மனிதனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் முடித்துவிட்ட கம்பெனி. 1955-ல் அது மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்தது. 1970 வாக்கில் தாய்க் கம்பெனி மூச்சை நிறுத்தியும் மெட்ராஸ் பிள்ளை மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. தோட்டத்து மெஷினையும் சாலை வண்டியையும் பிரித்துப் பார்க்காத ரத்தம் அது. ஒருநாள் வேலையைக் காட்டாமல் இருக்குமா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்டியது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் என்று அரசாங்கம் டீசலை மலிவாக வைத்திருந்தது. நம் ஆட்களுக்கு இந்த இரண்டு தகவல் போதும். வயலில் நீர் இறைக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் பிறந்த ஒற்றை சிலிண்டர் லொம்பார்டினி டீசல் எஞ்சினைத் தூக்கி புல்லட் சட்டத்துக்குள் உட்கார வைத்தார்கள். தெருமுனைப் பட்டறைக்காரன் செய்தால் போலீஸ் பிடிக்கும். கம்பெனியே செய்தால் அதற்குப் பெயர் புது மாடல். 325 சி.சி., 6.5 குதிரைத் திறன். பெட்ரோல் புல்லட்டில் இருந்த குதிரைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இழுக்க வேண்டிய எடையோ கிட்டத்தட்ட 200 கிலோ, ஓட்டுபவரின் தொப்பை நீங்கலாக.

அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் உச்சம்: டாரஸ், அதாவது காளை. கிணற்றடியில் நீர் இறைக்கக் கவலை இழுத்த மாடுகளை வேலையை விட்டு அனுப்பியதே இந்த டீசல் எஞ்சின் வகையறாதான். மாட்டின் பிழைப்பைப் பறித்ததோடு நிற்காமல் பெயரையும் பறித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது.

வேகம் மணிக்கு 65 கி.மீ. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. ஓடும்போது பேருக்குக்கூட ஒரு உறுப்பும் சும்மா இருக்காது. பின்னால் வரும் ஒரு லாரி கண்ணாடியில் நாலு லாரியாகத் தெரியும். முறுக்கினால் கரும்புகை. மைலேஜ் மட்டும் லிட்டருக்கு எழுபதைத் தாண்டும் என்று வைத்திருந்தவர்கள் மார்தட்டுவார்கள். அந்த ஒரு எண்ணுக்காக இடுப்பு எலும்பைப் பணயம் வைத்தவர்கள் நம் ஊரில் ஏராளம்.

இந்தக் கூத்தை இன்னும் சிக்கனமாக நடத்தியது சென்னையின் மீன்பாடி வண்டி. மிதிக்கிற மூன்று சக்கர வண்டிக்குள் காயலான் கடைக்குப் போக வேண்டிய பைக் எஞ்சினைச் செருகி, மீனில் ஆரம்பித்து இரும்புக் கம்பி, பீரோ, கல்யாணப் பந்தல் சாமான் வரை ஏற்றினார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவம் எதிலும் அதற்குக் கட்டம் கிடையாது. பிரேக் இருந்ததா என்பதும் நம்பிக்கை சார்ந்த விஷயம்.

புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகியதும் 2000-ஐ ஒட்டி டீசல் புல்லட்டின் கதையை முடித்தார்கள். உலகம் முழுக்க டீசல் பைக் செய்து பார்த்தவர்கள் உண்டு. இவ்வளவு எண்ணிக்கையில் செய்து, விற்று, ஓட்டவும் வைத்தவர்கள் நாம்தான். மிச்சமிருக்கும் வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் புல்லட் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்து ஊரில் பம்புசெட் பார்க்கிறவர் யாரென்று விசாரித்தால் போதும்.