ஆயாவின் மரக்காலும் ஒரு டிபியும்

கருணாபுரத்தில் என் சித்தி மகன் வீடியோ எடுக்கிறவன். காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம் என்று அழுகிற குழந்தைகளையும் பந்தியில் வாய் திறந்த மாமாக்களையும் சேர்த்துவைக்க ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினான். கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜிபி என்றது. மீதி எங்கே? கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் போய்ச் சண்டை. "எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் தம்பி காட்டும்" என்றார் கடைக்காரர். எல்லாரிடமும் திருடினால் அது திருட்டில்லையா என்று இவனுக்கு ஆத்திரம்.

உண்மையில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது. ஒரு டிபி என்றால் லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1,024 1,024-ஆக வகுத்துவிட்டு, அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. கேபியில் நூற்றுக்கு இரண்டே சொச்சமாக இருந்த துண்டு, டிபிக்கு வரும்போது ஒன்பதாகிவிடுகிறது. 2009-க்குப் பிறகு வந்த மேக்கில் அதே டிஸ்க்கைச் செருகுங்கள், முழு ஒரு டிபி என்று சிரிக்கும். பழைய 1.44 எம்பி பிளாப்பி இன்னும் விசேஷம்: ஒரு தடவை ஆயிரத்தாலும் ஒரு தடவை 1,024-ஆலும் பெருக்கிய கலப்புக் கணக்கு.

பத்து இரண்டுகளைப் பெருக்கினால் வருவதுதான் 1,024 என்பதுவரை இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். ஆயா அசரவில்லை. "ரெண்டு ரெண்டாத்தானே பெருக்குது? அப்ப கம்ப்யூட்டரு நம்மாளுடா."

சரிதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. எட்டு பிட் ஒரு பைட் என்றால், எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பைட்டில் 256 விதம் எழுதலாம். ஒரு தூணியில் 256 ஆழாக்கு நெல் அளக்கலாம். மூன்று தூணி ஒரு கலம் என்று கடைசியில் எவனோ புகுந்து கெடுக்காமல் இருந்திருந்தால் நாமே கம்ப்யூட்டர் செய்திருப்போம்.

பத்துப் பத்தாக எண்ணும் டிஸ்க் கம்பெனிதான் இதில் வெளியாள். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி (தேதியைக் கவனியுங்கள்) 64 காலணா ரூபாயை 100 நயா பைசா ஆக்கிய சர்க்கார் கட்சி அது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசா யார் மடிக்குப் போனது என்று ஆயா இன்னும் கேட்கிறாள்.

1,024 கணக்குக்குத் தனிப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று 1998-இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பஞ்சாயத்து சொன்னது; கடைவீதி வரை அது வரவில்லை. அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசமாகி ஒரு பேக்கப் சாப்ட்வேரை இலவசமாகக் கொடுத்தது. குறைந்த இடத்துக்கு ஈடாக, இடத்தை அடைக்க இன்னொரு சாமான்!

ஆகவே விண்டோஸ்காரர்களே, 1 டிபி வாங்கினால் 931 ஜிபி, 2 டிபி வாங்கினால் 1.81 டிபி என்று கணக்குப் போட்டே பணத்தை எடுங்கள். அதற்கும் ரொம்பக் கீழே காட்டினால் மட்டும் பில்லோடு கிளம்புங்கள்.