சீட்டு இருக்கா?

எண்பதுகளின் நடுவில், பள்ளி லீவு விட்டால் கும்பகோணத்தில் சித்தப்பாவின் மருந்துக்கடைதான் எனக்குக் கதி. தலைவலி, பேதிக்கு வருகிறவர்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார்கள். மற்ற விஷயத்துக்கு வருகிறவர்கள் ரெண்டு விக்ஸ் மிட்டாய் வாங்கிக்கொண்டு, கூட்டம் கலையும்வரை மின்விசிறியைப் பார்த்தபடி நிற்பார்கள்.

நிரோத் ஆணுறை, 1968-ல் அரசாங்கமே மூன்று 15 காசு என்று இறக்கி, டீத்தூளும் சோப்பும் விற்கிற கம்பெனிகள் மூலம் ஊரெல்லாம் அனுப்பிய சரக்கு. பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. எங்கள் கடையில் மட்டும் இருமல் சிரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மருந்துக்கடைக்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா?

ஆனால் “நாள் தள்ளிப்போச்சுண்ணே” என்று யார் வந்தாலும் சித்தப்பா ஒரு கேள்வி கேட்கமாட்டார். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கூடுதலாகச் சேர்த்த இ.பி. மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார். உதிரப்போக்கு வந்தால் கர்ப்பமில்லை, வராவிட்டால் கர்ப்பம். அந்தக் காலத்து டெஸ்ட் அது. கலைந்துவிடும் என்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. கலையாது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஊனம் வரலாம் என்ற அச்சம்தான் மிச்சம். பெண்கள் அமைப்புகளும் சில மருத்துவர்களும் வருஷக்கணக்கில் போராடி, 1988-ல் அதற்குத் தடை வந்தது. அதுவரை எங்கள் கல்லாவில் யாரும் டாக்டர் சீட்டைப் பார்த்ததில்லை.

இப்போது சித்தப்பா மகன் கடையைப் பார்க்கிறான். கண்ணாடிக் கதவு, ஏ.சி. ஆணுறைகள் கல்லா மேலேயே, ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட் வாசனைகளில். கர்ப்பம் பார்க்கிற கார்டை வாங்கிப்போய் வீட்டிலேயே சில நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம். இதெல்லாம் நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. நாப்கின் மட்டும் இன்னும் மூடியே போகிறது. 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும் கருப்புக் கவரோடு அந்த வழக்கமும் ஒழியும் என்று நினைத்தேன். காக்கிக் கவர் வந்தது.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் வந்து அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டாள்.

“சீட்டு இருக்காம்மா?”

“இதுக்குச் சீட்டு வேணாம்ணா.”

“ஸ்டாக் இல்லம்மா.”

அவள் போனபிறகு, “ஏண்டா?” என்றேன். “எதுக்குண்ணே வம்பு? யார் வாங்கி வைக்கிறா?” என்றான்.

அவள் சொன்னதுதான் சட்டம். லெவோநோர்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 2005 முதல் சீட்டில்லாமலே விற்கலாம். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிற மருந்து அது. ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் அது இருக்காது. சீட்டு கேட்டிருக்க வேண்டிய காலத்தில் அள்ளிக்கொடுத்த குடும்பம், வேண்டாத இடத்தில் சீட்டு கேட்டு ஒழுக்கத்தைக் காக்கிறது!

என் தம்பியின் டி.பார்ம் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. மருந்து கொடுக்கும்போது விவரம் எடுத்துச்சொல்வதும் மருந்தாளுநரின் வேலை என்று 2015-ன் மருந்தகத் தொழில்முறை விதிகளே சொல்கின்றன. அரை நிமிஷம் போதும்.

மருந்துக்கடைத் தம்பிகளே, அந்த மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். உங்களிடம் இல்லையென்றால் எந்தக் கடையில் இருக்கிறது என்றாவது சொல்லி அனுப்புங்கள்.