குதிரைக்கும் ஞாபகம் இருக்குமா?

கேள்வி: குதிரையேற்றம் பழகும் என் மகள், முதன்முதலில் ஏறிய குதிரையைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன் என்கிறாள். அந்தப் பாசம் குதிரைக்கும் இருக்குமா?
– ஒரு வாசகி, ஆர்.எஸ்.புரம், கோவை

பதில்: இருக்கும்போலத்தான் தெரிகிறது. தீனி கொடுத்துப் பழக்கியவரை மாதக்கணக்கில் பிரிந்திருந்தும் குதிரைகள் மறக்கவில்லை என்று 2010-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடன் வாங்கிய சொந்தக்காரர்களைவிட இது எவ்வளவோ மேல்! செஞ்சி தேசிங்கு ராஜன் 1714-ல் போரில் மடிந்தார். அவர் கதையைச் சொல்பவர்கள் இன்றும் குதிரையை விட்டுவிட்டுச் சொல்வதில்லை. மகளை மாற்றப் பார்க்காதீர்கள். ஆனால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு மட்டும் கூட்டிப் போய்விடாதீர்கள். குதிரை 25, 30 வருஷம் வாழும், டி.பி.ரோட்டில் காரை நிறுத்தவே இடமில்லை, அம்மணி!