கடவுச்சொல் ஐந்திலக்கணம்

இலக்கணத்தை எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தாக வகுத்தது வீரசோழியம். பல நூற்றாண்டு கழித்து வந்த விண்டோஸ் கணினியின் கடவுச்சொல் விதிகளுக்கும் அந்த ஐந்தும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. புலவர்கள் இதைக் கண்டுகொள்ளாத குறையை நீக்கவே இச்சிறுநூல் எழுந்தது.

பாயிரம் இல்லாமல் நூல் இல்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். இவ்விலக்கணத்தின் ஆசிரியர் பில் பர். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டில் பணியாற்றியபோது, 2003இல், கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பிற்சேர்க்கை எழுதினார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்திருக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று உலகம் முழுக்க அலுவலகங்கள் ஓதத் தொடங்கியது அதன் வழியில்தான். 2017இல், ஓய்வு பெற்ற பிறகு, தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக ஒரு நாளிதழிடம் அவரே சொன்னார். நம் மரபில் உரைகாரர்கள் ஒருவரையொருவர் மறுத்ததுண்டு. மூலநூலாசிரியரே முன்வந்து தம் சூத்திரத்துக்காக வருந்தியதாகச் செய்தி இல்லை.

இனி எல்லை. விதிகள் வாழுமிடம் விண்டோஸின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி. அதில் அக்கவுண்ட் பாலிசிஸ், அதற்குள் பாஸ்வேர்டு பாலிசி. அங்கே நெடுங்காலம் ஆறு சூத்திரங்கள் இருந்தன. பிற்காலத்தார் நீளம் பற்றி இரண்டு சேர்த்தார்கள். புரோ முதலான பதிப்புகளுக்கே இந்நூல் கிடைக்கும். ஹோம் பதிப்பு வாங்கியவருக்கு நெட் அக்கவுண்ட்ஸ் என்ற கட்டளை ஒன்றே சுருக்கநூல். அதில் நீளமும் ஆயுளும் உண்டு, சிக்கல் விதி இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்ளே நுழைபவரின் கடவுச்சொல் இந்த எல்லைக்கு வெளியே, அந்நிறுவனத்தின் ஆட்சியில் உள்ளது. இன்னொன்றும் அறிக: தனிக் கணினியில் சிக்கல் விதி தூங்கிக்கொண்டே பிறக்கிறது. அலுவலகக் கணினிகளை ஆளும் டொமைனில் அது விழித்தபடியே பிறக்கிறது.

எழுத்து

எழுத்து எனப்படுபவை ஐந்து இனம். ஆங்கிலம் முதலிய மொழிகளின் பெரிய எழுத்து ஓரினம், சின்ன எழுத்து ஓரினம், எண் ஓரினம், குறி ஓரினம். ஐந்தாவதைப் பலர் அறியார்: பெரியது சிறியது என்ற பேதமில்லாத மொழிகளின் எழுத்து. ஆசிய மொழி எழுத்துகள் அதில் அடங்கும். நம் அகரமும் ககரமும் அங்கேதான் உட்காருகின்றன. ஐந்தில் மூன்று இனம் கலந்தால் கடவுச்சொல் சிக்கலானது என்று கணினி ஒப்புக்கொள்ளும்.

அற்றேல், தமிழிலேயே கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாமே எனின், வேண்டாம் என்க. நுழைவுத் திரையில் எந்த விசைப்பலகை இயங்குகிறது என்பதை நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். அடிப்பது எல்லாம் கரும்புள்ளியாகத் தெரியுமிடத்தில், மொழி மாறியிருந்தால் கண்டுபிடிப்பது கடினம். தமிழ்ப் பற்றைக் காட்ட வேறு இடங்கள் உண்டு.

ஆனால் தமிழை ஒளித்து வைக்க ஒரு வழி இருக்கிறது. விசைப்பலகையை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறைப்படி விரல்களை ஓட்டுவது. விரல் தமிழ் எழுதும்; கணினி வேறொன்றைப் பெறும். இம்முறையில் ழகரம் சாய்கோட்டில் விழும், யகரம் ஒற்றை மேற்கோளில், நகரம் அரைப்புள்ளியில். நெஞ்சு என்று அடித்தால் ஓர் அரைப்புள்ளி, மூடும் சதுர அடைப்பு, திறக்கும் சதுர அடைப்பு மூன்றும் தாமாக வந்துவிடும். குறி எங்கே சேர்ப்பது என்று யாரும் தவிக்க வேண்டியதில்லை.

இங்கே இலக்கண நுட்பம் ஒன்று உண்டு. தூய தமிழ்ச் சொல்லை இப்படி அடித்தால் சின்ன எழுத்தும் குறியும் ஆக இரண்டே இனம் கிடைக்கும். விதி கேட்பது மூன்று. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் தமிழ்99இல் ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும், அப்போதுதான் பெரிய எழுத்து பிறக்கும். ஆகவே நெஞ்சோடு ஒரு ராஜாவைச் சேர்த்த மணிப்பிரவாளக்காரர் தேர்ச்சி பெறுவார்; தனித்தமிழ் அன்பர் தோற்பார், அல்லது ஓர் எண்ணைக் கடன் வாங்குவார். அமெரிக்காவில் எழுதிய ஒரு விதி நம் பழைய வழக்கில் இப்படித் தீர்ப்புச் சொல்லும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஒற்றைச் சொல்லை இப்படி ஒளித்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ்99 நம் இரகசியம் அன்று; அரசே அறிவித்தது.

சொல்

சொல்லில் விலக்கப்பட்டவை இரண்டே: கணக்கின் பெயரும், உடையவரின் முழுப்பெயரில் அடங்கிய துண்டுகளும். இடைவெளி, புள்ளி, காற்புள்ளி, சிறுகோடு இவற்றால் பெயரைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் கடவுச்சொல்லுக்குள் இருக்கிறதா என்று கணினி தேடும். மூன்று எழுத்துக்குக் குறைந்த துண்டை விட்டுவிடும். ஆகவே நம் ஊர்த் தலைப்பெழுத்துகளுக்கு முழு விலக்கு. எஸ். முத்துலட்சுமி என்பவர் முத்துலட்சுமி என்று ஆங்கிலத்தில் எழுதி வைக்க முடியாது; முத்து என்று மட்டும் வைத்தால் தடையில்லை. துண்டு முழுதாக இருந்தால்தான் குற்றம்.

கணவர் பெயர், மகள் பெயர், குலதெய்வம், அபிமான நடிகர், ஊர்ப்பெயர் எதையும் இவ்விதி அறியாது. யாரும் முதலில் ஊகிப்பது இவற்றைத்தான் என்பதும் அதற்குத் தெரியாது.

யாப்பு

அடியின் நீளம் பற்றியது. சிக்கல் விதியை எழுப்பினால் ஆறு எழுத்துக்குக் குறையக் கூடாது. நீள விதியைத் தனியே வைத்தால் பூச்சியம் முதல் பதினான்கு வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் பின்னாளில் சேர்த்த சூத்திரத்தைத் திறக்க வேண்டும். விதியே இல்லாத காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 1979இல் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரை சான்று. யூனிக்ஸ் கணினிகளில் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் பதினைந்து ஓரெழுத்தொருமொழிகள். இரண்டு எழுத்தில் 72, மூன்று எழுத்தில் 464. அகராதிச் சொற்களையும் பிற எளிய வடிவங்களையும் சேர்த்தால் 2,831, நூற்றுக்கு 86. விதி வந்ததில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நீளத்தை விட்டுவிட்டு இனத்தைப் பிடித்துக்கொண்டதுதான் கோளாறு. ஆங்கில விசைப்பலகை தரும் எழுத்து, எண், குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து மொத்தம் 95. அவற்றில் எதையும் எடுத்து எட்டு இடத்தை நிரப்பினால் ஏறத்தாழ 66 கோடி கோடி வாய்ப்புகள். வெறும் 26 சின்ன எழுத்துகளைக் கொண்டு பன்னிரண்டு இடத்தை நிரப்பினால் ஏறத்தாழ 954 கோடி கோடி. பதினான்கு மடங்குக்கு மேல். இரண்டும் குலுக்கிப் போட்டு எடுத்தவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. மனிதர் தாமே யோசித்து வைத்தவை இதில் சேரா. அர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995இல் வகுத்த டைஸ்வேர் முறை அந்தக் குலுக்கலுக்கானது: ஐந்து முறை ஆறுபக்கப் பகடை உருட்டினால் 7,776 சொற்களின் பட்டியலில் ஒன்று கிடைக்கும். ஐந்தாறு சொல் சேர்த்தால் ஒரு கடவுத்தொடர்.

பழைய லேன் மேனேஜர் முறை பற்றியும் ஒரு வார்த்தை. அது பதினான்கு எழுத்தை ஏழு ஏழாக வெட்டி, சின்ன எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கி, இரண்டு துண்டையும் தனித்தனியே பூட்டியது. உடைப்பவருக்கு ஏழெழுத்துப் புதிர் இரண்டு கிடைத்தால் போதும். எட்டெழுத்துக் கடவுச்சொல்லின் கடைசி எழுத்து இரண்டாம் துண்டில் தனியாக நின்று அழுதது.

அணி

இந்நூலின் உயிர் இவ்வியலில் இருக்கிறது. விதி கேட்டதை மக்கள் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே விதமாகக் கொடுத்தார்கள்.

பெரிய எழுத்து வேண்டும் என்றால் அது முதலெழுத்து. இதைத் தலையணி என்க. எண் வேண்டும் என்றால் அது ஈற்றில் வரும் ஒன்று, அல்லது ஒன்று இரண்டு மூன்று, இது கடையணி. கடையணியின் கிளை ஆண்டணி, பிறந்த ஆண்டோ நடப்பாண்டோ வந்து முடிவது. குறி வேண்டும் என்றால் கடைசியில் ஒரு வியப்புக்குறி. தனக்கே வியப்பில்லாத இடத்தில் வியப்பது இதன் சிறப்பு. இவற்றுள் தலைசிறந்தது திரிபணி: ஏ எழுத்துக்கு @, ஓ எழுத்துக்குப் பூச்சியம், எஸ் எழுத்துக்கு டாலர் குறி. ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு என்ற சொல்லையே எடுத்து, முதலெழுத்தைப் பெரிதாக்கி, ஓர் @ போட்டு, ஒரு பூச்சியம் போட்டால் எட்டு எழுத்தில் நான்கு இனம் வந்துவிடும். விண்டோஸ் அதைத் தலையசைத்து ஏற்கும். நம் ஊரில் பெருவழக்கு இன்னொன்று: ஊர்ப்பெயர், நடுவில் @, பின்னால் 123.

ஹேக்கர்களும் அணியிலக்கணம் படித்தவர்களே. ஹேஷ்கேட், ஜான் த ரிப்பர் போன்ற கடவுச்சொல் உடைக்கும் நிரல்களில் இத்தகைய மாற்றங்கள் விதிகளாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன: ஒரு சொல்லை எடு, முதலெழுத்தைப் பெரிதாக்கு, ஏ வந்தால் @ போட்டுப் பார், ஈற்றில் எண்ணைச் சேர். சிக்கல் விதி கடவுச்சொல்லின் தோற்றத்தை மட்டும் பார்க்கிறது. ஊகிக்கக் கடினமா என்று பார்ப்பதில்லை. தோற்றத்தைக் கேட்டால் ஒப்பனை வரும். நான் இவ்விதியின் மீது வைக்கும் குற்றச்சாட்டு இது ஒன்றுதான்.

ஆயுள் விதியும் ஓர் அணியைப் பெற்றெடுத்தது. விண்டோஸ் தரும் இயல்பான ஆயுள் 42 நாள். நாள் முடிந்ததும் மக்கள் ஈற்றிலுள்ள ஒன்றை இரண்டாக்குவார்கள். இதை ஏறணி எனலாம். பழையதற்கே திரும்புவதைத் தடுக்க முந்தைய 24 கடவுச்சொற்கள் வரை நினைவில் வைக்கும் விதி உண்டு. ஒரே அமர்வில் இருபத்து நான்கு முறை மாற்றிவிட்டுப் பழையதற்கு வந்துசேரும் பொறுமைசாலிகளும் இருப்பார்கள் என்பதால், குறைந்தபட்ச ஆயுள் என்று இன்னொரு விதி. விதிக்கு விதி காவல் போட வேண்டியிருக்கிறது. பயன் என்னவென்று 2010இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பழைய கடவுச்சொல் ஒன்று தெரிந்தால், அவர்கள் ஆராய்ந்த கணக்குகளில் 17 விழுக்காட்டில் அடுத்ததை ஐந்துக்கும் குறைவான முயற்சியில் ஊகிக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து ஆயுள் விதியை எடுத்துவிட்டது. நிஸ்டும் 2017லேயே இனக் கலப்பு வேண்டாம், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று திருத்தி எழுதியது.

பொருள்

பொருள் அகம், புறம் என இருவகை. அகம் நினைவில் நிற்பது. புறம் தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியது. புறத்தைப் பலர் இழிவாகப் பேசுவர். நல்ல நீளமான ஒன்றைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று புரூஸ் ஷ்னையர் 2005இல் எழுதினார். வீட்டு அலமாரியில் பூட்டிவைத்த நோட்டை இணையத்தின் வழியே யாரும் திறக்க முடியாது. அகமும் புறமும் அல்லாத பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மூன்றாவது உண்டு. ஆனால் கணினிக்குள் நுழைவதற்கான சொல்லைக் கணினிக்குள்ளேயே பூட்டினால் யார் திறப்பது? அந்த ஒன்றை மட்டும் அகத்திலோ அலமாரியிலோ வையுங்கள்.

ஆறு சூத்திரங்களில் ரிவர்சிபிள் என்கிரிப்ஷன் என்பதைத் தொடாதீர்கள். அதை இயக்கினால் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி வைத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இராது.

இலக்கணம் கற்றபின் வீட்டுக் கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிக்கல் விதியைத் தூங்க விடுங்கள். குறைந்தபட்ச நீளத்தைப் பதினான்கு ஆக்குங்கள். அதிகபட்ச ஆயுளைப் பூச்சியமாக்குங்கள், அங்கே பூச்சியம் என்றால் காலாவதி இல்லை என்று பொருள். பக்கத்திலுள்ள அக்கவுண்ட் லாக்அவுட் பாலிசியில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் கதவடைக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள்; ஊகித்து நுழைபவரைத் தடுக்க இது அந்த இனக் கலப்பைவிட அதிகம் உதவும். ஹோம் பதிப்பு வைத்திருப்பவர் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட் அக்கவுண்ட்ஸ் கட்டளையால் நீளத்தையும் ஆயுளையும் மாற்றலாம். மாற்றிய கையோடு கடவுச்சொல்லையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். புதுக் கடவுச்சொல் வைக்கும்போது மட்டுமே கணினி நீள விதியைப் பார்க்கும். ஏற்கெனவே இருப்பதை அது சோதிப்பதில்லை.