கோல்ப் அத்தார்

தெற்குப் பக்கம் ஒரு பயணம் போவோம் என்று யாராவது வாய் திறந்தால் போதும், கோல்ப் அத்தார் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். "போறது சரி, எந்த கோல்ப் மைதானம் எண்டு முதல்ல முடிவெடுப்பம்" என்பார். அதுவரை மற்றவர்கள் கதிர்காமத்துக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, புளிச்சோறு கட்டுவதா, வழியில் சாப்பிடுவதா என்று பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்தப் பேச்சு அதோடு படுத்துவிடும்.

வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு, முழங்காலில் லேசான நோ, வெளிநாட்டு உறவு யாரோ விட்டுவிட்டுப் போன மட்டைப் பை, முன்பக்கம் மட்டும் விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி. காலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது குடையைத் தலைகீழாகப் பிடித்து, இல்லாத பந்தைக் கடலுக்குள் அடிப்பார். அடித்த கையோடு நெற்றிக்கு மேல் கை வைத்துப் பந்து விழுந்த இடத்தையும் பார்ப்பார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய தெரிவு செய்யும் வேலை.

காலி, வெலிகம, மாத்தறை, தங்காலை என்று கொழும்பிலிருந்து தெற்குக் கரையோரமாக எவ்வளவு தூரம் போனாலும், நம்மைப் போன்றவர்கள் காசு கட்டி ஆடக்கூடிய 18 குழி மைதானம் ஒன்றே ஒன்றுதான். அது அம்பாந்தோட்டையில், 2016இல் திறந்த ஷங்ரிலா ஹோட்டலோடு சேர்ந்தது. வேறு கிடையாது. இருக்கிற ஒன்றிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்ய ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கோல்ப் அத்தாருக்கு வருடங்கள் போதவில்லை.

அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனையால் நிரல் பிரித்திருப்பார். காற்று, மணல், நிழல், பை தூக்கும் பிள்ளைகளின் அனுபவம், கழிப்பறை, பெண்கள் இருக்க இடம். கடைசி நிரலின் தலைப்பு 'மனத்திருப்தி'. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி. காலம் முழுக்கக் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிய கை; அரைப் புள்ளிகூடச் சும்மா விழாது. பென்சிலால் போட்டு, ஒரு கிழமை ஆறவிட்டு, பிறகுதான் பேனையால் எழுதுவார்.

இருப்பது ஒரே மைதானம் என்பதற்காகக் கொப்பியில் ஒரே வரி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 'அம்பாந்தோட்டை, காலை' ஒரு வரி. 'அம்பாந்தோட்டை, பின்னேரம்' அடுத்த வரி. முதல் 9 குழி மட்டும் ஆடினால் ஒரு வரி, பின் 9 மட்டும் என்றால் இன்னொன்று. மாசியில் போனால், ஆவணியில் போனால், கிழமை நாளில், சனி ஞாயிறில் என்று பக்கம் நிரம்பிவிடும். அம்பாந்தோட்டையும் அம்பாந்தோட்டையும் போட்டி போட்டு, ஒன்று வெல்லும், மற்றது தோற்கும். கடைசியாக நான் எட்டிப் பார்த்தபோது காலைக்கு ஏழரை, பின்னேரத்துக்கு எட்டு.

"பாத்தீரே தம்பி, நீர் சொன்ன மாதிரி அவசரப்பட்டு புக் பண்ணியிருந்தா, காலமையெல்லோ போய் மாட்டுப்பட்டிருப்பம்" என்றார். பெரிய கண்டத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய முகம்.

அந்த மைதானத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. வரைந்தவர் ரொட்னி ரைட் என்பார். பழைய தென்னந்தோட்டம், நீலக்கல் தோண்டிக் கைவிட்ட நிலம், கடலோர மணல்மேடு மூன்றையும் சேர்த்து அமைத்தது என்பார். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸில் 1764இல் 22 குழியை 18 ஆகக் குறைத்த கதை வரும். பந்தின் நிறை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது வரும். குழியின் அகலம் உலகம் முழுக்க 108 மில்லிமீற்றர் என்று ஒருநாள் சொன்னபோது, மூலையில் இருந்த கொட்டாஞ்சேனைப் பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "நூற்றெட்டோ? அது சாமிக்கணக்கெல்லோ. பிறகேன் தம்பி கோயிலுக்குப் போக இவ்வளவு யோசிக்கிறாய்?" அத்தார் அதற்கு எந்த நிரலிலும் புள்ளி போடவில்லை.

ஒரே மைதானத்தை உருட்டி அலுத்துப்போனால், தெற்கையே நீட்டிவிடுவார். கண்டிக்குக் கிழக்கே, திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் டொனால்ட் ஸ்டீல் வரைந்த மைதானம் தெற்குக் கரையோரப் பட்டியலில் ஏறும். மலைக்குள் கரையோரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "தண்ணி இருக்குத்தானே" என்பார். நுவரெலியா ஏறும். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே, போர்த்திக்கொண்டு ஆட வேண்டிய இடம். "கதிர்காமத்தால வெல்லவாய, எல்ல எண்டு ஏறினா அங்க போய் மிதக்கலாம்." திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானமும் ஏறும். அது கிழக்கு என்று அக்கா சொன்னால், "கடற்கரைதானேயப்பா" என்பார். தீவின் வரைபடத்தை விரித்து வைத்து, காலியிலிருந்து திருகோணமலை வரை விரலால் ஒரே கோட்டில் இழுத்துக் காட்டுவார். அந்தக் கோடு போகிற வழியில் யால காடு இருப்பதை விரல் கவனிக்காது.

இந்த நோய் ஸ்காபரோ மச்சானிடமிருந்து தொற்றியது. அங்கே பனிக்காலத்தில் மைதானங்கள் மூடிக் கிடக்கும். மார்ச் பிறந்ததும் மச்சான் கூட்டாளிகளோடு அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குக் காரோட்டிக்கொண்டு போவார். மிர்ட்டில் பீச் என்கிற அந்தக் கடற்கரைப் பட்டினத்தைச் சுற்றி எண்பது சொச்சம் கோல்ப் மைதானங்கள். அங்கே ஒருவர் கொப்பி போட்டு, நிரல் பிரித்து, கூட்டாளிகளோடு சண்டை பிடித்து நாலைத் தெரிந்தெடுத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மச்சான் ஒவ்வொரு வருடமும் அந்தப் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்புவார். அத்தார் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, தன் கொப்பியில் அம்பாந்தோட்டைக்கு இன்னொரு வரி சேர்ப்பார். இப்படி ஒருநாள் "எதையாவது ஒண்டைப் பிடிச்சு ஆடுங்கோவன் அத்தார்" என்று மச்சான் சொல்லிவிட்டார். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று இருக்கிறது. இலங்கையில் காற்றாலை வைத்து மின்சாரம் எடுக்க 1999இல் முதலில் பார்த்த இடமே அம்பாந்தோட்டைதான். அப்படிப்பட்ட காற்று. அது எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை அத்தார் வெள்ளவத்தை நாலாம் மாடியில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் பார்த்தபடியே இருப்பார். பெரியம்மாவுக்கு ஆடித் திருவிழாவுக்குப் போக வேண்டும், மாணிக்க கங்கையில் முழுக வேண்டும். அது தென்மேற்குக் காற்றின் காலம். "இப்ப போனா பந்து நேரா நிக்காது" என்று அத்தார் உதட்டைப் பிதுக்குவார். கதிர்காமக் கந்தனின் கொடியேற்றத்தை ஒரு கோல்ப் பந்தின் வசதிக்காகத் தள்ளிவைக்கச் சொன்ன மனிதர் இந்தத் தீவிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். "இவனை நம்பினா எனக்கு ஆடிவேல்தான் கதி" என்று பெரியம்மா சொல்லிவிட்டு, அந்த முறையும் கொழும்பு வீதியில் வந்த வேல் ரதத்தையே கும்பிட்டார்.

அவரைத் திட்டிக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. இளந்தாரியாக இருந்தபோது அத்தாரின் வீடும் கொட்டாஞ்சேனைதான். முதல் வேலை நுகேகொடைக் கிளையில். மருதானையில் களனிவெளி ரயில் ஏறுவார். அந்தப் பாதை பொரளைப் பக்கத்தில் றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானத்துக்கு உள்ளாலேயே போகிறது. 1879இல் காலிமுகத்திடலில் வெள்ளைக்காரர் தொடங்கி, பிறகு அங்கே இடம் மாறிய கழகம். ரயில் வரும்போது ஆடுகிறவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு, அது போகும்வரை நிற்பார்கள். பெட்டிக்குள் இவர் சனத்துக்கு நடுவே நசிந்துகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு போவார். அப்படித் தடவிப் பார்த்துப் போய்வந்த வருடங்கள் நிறைய. தெற்கே உல்லாசமாகப் போவது என்பது அப்போது நினைப்புக்கே வராத காரியம். எங்கே போகலாம் என்று காலை நீட்டிக்கொண்டு யோசிக்கிற சுகம் அவருக்குப் பிந்திக் கிடைத்தது. அதை ஒரே நாளில் முடித்துவிட அவருக்கு மனம் வராததில் ஆச்சரியமில்லை. முன்பதிவு செய்துவிட்டால் அந்தக் கொப்பிக்கு வேலை இல்லை.

அதற்காக மற்றவர்களின் நேரத்தை இப்படித் தின்னலாமா? இனி நான் சொல்லப்போவதில் பகிடி இல்லை. பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் கதிர்காமம் வருவதாக நேர்த்தி வைத்தவர். கண் எப்போதோ சுகமாகிவிட்டது. அந்தக் கண்ணால் அவர் பார்த்ததெல்லாம் அத்தாரின் கொப்பியைத்தான். ஒவ்வொரு ஆடிக்கும் செல்வச் சந்நிதியில் புறப்பட்டு, மட்டக்களப்பு, உகந்தை, குமண, யால காடு என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்தே கதிர்காமம் போகிற ஆச்சிமார் இருக்கிறார்கள். தலையில் ஒரு பொட்டலம், காலில் செருப்புக்கூட இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. நமக்கோ கொட்டாவையில் ஏறினால் அம்பாந்தோட்டைக்குக் கிட்டவரை 2020இலிருந்து அதிவேகப் பாதை இருக்கிறது. காலைச் சாப்பாட்டை வழியில் முடித்துவிட்டு மத்தியானப் பூசைக்கு நிற்கலாம். நடந்து போகிறவர்கள் போய்ச் சேருகிறார்கள், ஏசி வான் வைத்திருக்கிறவர்கள் வரவேற்பறையில் கிடக்கிறோம்.

இன்னொன்று. இவ்வளவு அறிந்தவரிடம் தங்கராஜா, பிரபாகரன் என்ற பெயர்களைச் சொன்னேன். இந்தியத் தொழில்முறைப் போட்டிகள் வரை போய் ஆடிய இலங்கைத் தமிழ் ஆட்டக்காரர்கள். "ஆர் அவை? வெள்ளவத்தையோ?" என்று கேட்டார். டொனால்ட் ஸ்டீல் எங்கே குழி வெட்டினார் என்று தெரியும். அந்தக் குழியில் பந்து போடுகிற நம்முடைய பிள்ளையைத் தெரியாது. மைதானம் தெரிவு செய்கிறவருக்கு ஆட்டம் எதற்கு?

ஆகவே அக்காவும் நானும் அவரைக் கேட்காமலே வானுக்கு முற்பணம் கட்டிவிட்டோம். கொடியேற்றம் முடிந்து வருகிற சனிக்கிழமை விடிய நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவை ஏற்றும். நாலரைக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், காலி வீதியில் நிற்கும். ஐந்து நிமிடம் நிற்கும், ஆறாவது நிமிடம் நிற்காது. மட்டைப் பைக்குத் தனி இருக்கை கிடையாது. பின்னால் அருச்சனைத் தேங்காய்க்கும் புளிச்சோற்றுச் சட்டிக்கும் நடுவில் செருகிக்கொள்ளலாம். கோயில் முடிந்து, திஸ்ஸவில் சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அம்பாந்தோட்டையில் அத்தாரை இறக்கிவிடுவோம். காலையா பின்னேரமா, முன் 9ஆ பின் 9ஆ என்பதையெல்லாம் வான் சாரதி தீர்மானிப்பார்.